சாட்சி சொன்னவள்

மூன்றாவது வாளித் தண்ணீரையும் ஊற்றித் தேய்த்த பிறகுதான் குளியலறைத் தரை அதன் பழைய நிறத்துக்கு வந்தது. ஐவி குனிந்து ஓடுகளின் இடுக்குகளைப் பார்த்தாள். கதவோரத்தில் இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. பல் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷ் ஒன்றை எடுத்து அதையும் தேய்த்தாள். ஃபினாயில் நெடியில் கண்ணில் நீர் வழிந்தது. பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவும் ஒரு வசதிதான்.

கூடத்தில் அவள் கணவர் ஞானதாஸ் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலை ஏழு மணியிலிருந்து இது நான்காவது தடவை. அக்கா ஒரு நாள்கூடப் படுக்கவில்லை, யாருக்கும் பாரமாக இல்லை, குளிக்கப் போனவளை ஆண்டவர் அப்படியே அழைத்துக்கொண்டார். போன வருடம் அவ்வளவு பெரிய நோயிலிருந்து சுகம் கொடுத்தவர் சாவையும் சுகமாகவே கொடுத்துவிட்டார். முதல் தடவை சொன்னபோது குரல் உடைந்தது. இப்போது அது பிரசங்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துக்கம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், அவருக்கு வாக்கியங்கள் வரும்.

தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடைசியில் எல்லாருக்கும் நிற்பது அதுதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, ஐவியும் சொல்லவில்லை.

இறந்தவள் அமலோற்பவம். எல்லாருக்கும் அமலி. ஞானதாஸின் அக்கா, அறுபத்து மூன்று வயது. தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பியைப் படிக்க வைத்துக் கணக்கு வாத்தியார் ஆக்கியவள். சாந்தோமில் இந்த இரண்டாம் மாடி வீட்டில் தம்பியோடும் தம்பி மனைவியோடும்தான் இருபது வருடமாக இருந்தாள். ஐவிக்கு அவள் நாத்தனார். ஆனால் இந்த வீட்டில் ஐவி மனம்விட்டுப் பேசியதெல்லாம் அவளிடம்தான்.

உடம்பைத் துடைத்து, பஞ்சு வைத்து, பாவாடை கட்டி முடித்தாயிற்று. உதவிக்கு வந்த சின்ன மாமியாரை, நீங்கள் செபமாலை சொல்லுங்கள் என்று ஐவி கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த அம்மாளுக்கு அதில் மனத்தாங்கல். ஆனால் இன்னொரு ஆள் உள்ளே வந்தால் பஞ்சைப் பார்ப்பாள், எதற்கு இவ்வளவு என்று கேட்பாள். அமலியைத் தூக்கிப் புரட்ட இரண்டாவது ஆளும் தேவைப்படவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாள்.

ரவிக்கைதான் காலை வாரிவிட்டது. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, அதற்கென்று போன செப்டம்பரில் தைத்த ரவிக்கை. கையை நுழைத்துக் கொக்கியை மாட்டியதும் அது தோளிலிருந்து வழிந்து விழுந்தது. பின்னால் ஊக்கு குத்திப் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் பள்ளமாக நின்றது. ஃப்ரீசர் பெட்டிக்குக் கண்ணாடி மூடி. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். வேறு புடவை எடுக்கலாமா என்று கதவைத் திறந்து கேட்டாள்.

"வேணாம் ஐவி. சாட்சி சொன்ன அன்னைக்குக் கட்டின புடவை. அதுலதான் போகணும்" என்றார் ஞானதாஸ். பிறகு, "ரவிக்கைதானே? ஜமீலாவைக் கூப்பிட்டிருக்கேன், வந்துக்கிட்டே இருக்கா" என்றார்.

 இந்த நகரத்தில் எத்தனையோ தையல்காரிகள் இருக்கிறார்கள். இன்றைக்கு இந்த அறைக்குள் வரவே கூடாத ஒருத்தி உண்டென்றால் அது ஜமீலுன்னிசாதான்.

ஞானதாஸ் ஒரு செபக்குழு நடத்துகிறார். சனிக்கிழமை மாலை, கோவில் பக்கத்து அறையில், நாற்பது பேர். போதிப்பதும் நோயாளியைத் தேடிப் போவதும் ஒரே வேலை, ஒன்றை விட்டால் இன்னொன்று நொண்டும் என்பது அவருடைய கட்சி. வெறும் கட்சியோடு நின்றவரும் இல்லை. ஞாயிறு மதியம் மற்ற வாத்தியார்கள் தூங்கும்போது இவர் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் யாரும் வராத கிழவர்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் "யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று தவறாமல் சொல்வார். அவர் கையை வைத்து வேண்டிக்கொண்டால் மனசுக்கு இதமாக இருக்கிறது என்று வேறு மதத்தவர்களும் வருவார்கள். ஜமீலா அப்படி வந்தவள்தான். கச்சேரி ரோடு சந்தில் வீட்டிலேயே தைப்பவள், நாற்பத்து நான்கு வயது. கதவோரம் கடைசிப் பாயில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வருடம் அமலிக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தது. இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். ஐவிதான் தினமும் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். இரத்தப்போக்கு நின்றது, முகம் தெளிந்தது. அந்த நாட்களில் ஞானதாஸும் குழுவும் விடாமல் செபித்ததும் உண்மைதான். செப்டம்பரில் மாதா திருவிழாவை ஒட்டிக் கோவில் மைதானத்தில் பெரிய குணமளிக்கும் கூட்டம் நடந்தபோது தான் குணமானதை மேடையேறிச் சாட்சி சொல்ல அமலியைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்.

மேடைப் பழக்கம் இல்லாதவள், எழுதிக் கொடு என்றாள். நான்காம் வகுப்பு டீச்சரான ஐவி அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினாள். வாசிக்க வைத்துப் பார்த்தபோது நாலரை நிமிடம் வந்தது. எதை வெட்டலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து, கரண்ட் வைத்ததைப் பற்றி இருந்த ஏழு வரிகளை அடித்தாள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியது. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: நோய் வந்தது, தம்பி கை வைத்துச் செபித்தான், நோய் போயிற்று. மைதானமே கை தட்டியது. யாரோ அதைப் படம் எடுத்து அனுப்ப, அது வாட்ஸப்பில் தூத்துக்குடி வரைக்கும் போயிற்று.

நவம்பரில் துவைக்கப் போட்ட பாவாடையில் ஐவி கறையைப் பார்த்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அமலி கதவைச் சாத்திவிட்டு அவள் கையில் தன் செபமாலையை வைத்து மூடினாள்.

"தம்பிக்குத் தெரியக் கூடாது. ஊரெல்லாம் கேட்ட சாட்சி. நான் போய் ஓ.பி. வரிசையில நின்னா அவன் முகத்தை எங்க வச்சிக்குவான்? நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

ஐவி சொன்னாள். ஐந்து மாதம் தன் வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. அமலி இளைத்தபோது தவக்காலம் வந்து கைகொடுத்தது. ஒருசந்தி இருக்கிறேன் என்று ஒரு வேளைதான் சாப்பிட்டாள். ஞானதாஸ் அதையும் கூட்டத்தில் எடுத்துச் சொல்லிப் பெருமைப்பட்டார். நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிடலாம் என்று ஐவி கெஞ்சியபோதுகூட, எண்ணெய் பூசினால் நோயாளி என்று ஆகிவிடும் என்று மறுத்துவிட்டாள்.

ஜமீலாவுக்கு மாசியில் மார்பில் கட்டி என்று தெரிந்தது. சோதித்தார்கள், அதேதான். ஆபரேஷன் தேதியும் கொடுத்தார்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் வார்டில் சேர வேண்டும், நாளைக் காலைப் பட்டியலில் இரண்டாவது பெயர். போன சனிக்கிழமை படிக்கட்டில் வைத்து ஐவியிடம் சொன்னாள், தான் போகப் போவதில்லை என்று. அமலிக்காவுக்குச் சும்மா செபத்திலேயே ஆயிற்றே, எனக்கு மட்டும் ஆகாதா என்று கேட்டுச் சிரித்தாள். ஐவியும் சிரித்து வைத்தாள். ஏன் சிரித்தோம் என்று ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஜமீலாவின் கணவர் உமர் ஃபாரூக், தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், வண்டியை வேப்ப நிழலில் நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஹாண்டிலில் ஒரு பெரிய துணிப்பை. பிளாஸ்க்கின் தலையும் சுருட்டிய போர்வையும் வெளியே தெரிந்தன. புதன்கிழமைதான் வந்து ஞானதாஸிடம் கெஞ்சிவிட்டுப் போனார், சார் சொன்னால் கேட்பாள் என்று. நான் போக வேண்டாம் என்று சொல்லவே இல்லையே பாய் என்றார் ஞானதாஸ். அதுவும் உண்மைதான்.

ஜமீலா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அமலியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பையிலிருந்து டேப்பையும் அளவு எழுதும் நோட்டையும் எடுத்தாள்.

"கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க டீச்சர்."

ஐவி தூக்கிப் பிடித்தாள். ஜமீலா டேப்பை மார்பைச் சுற்றி வைத்தாள். நோட்டைப் புரட்டிப் பழைய பக்கம் ஒன்றைப் பார்த்தாள். மறுபடியும் டேப்பை வைத்தாள். கை, இடுப்பு, முதுகு என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டோடு ஒத்துப் பார்த்தாள்.  ஐந்து மாதமாக ஒரு வீட்டையே ஏமாற்றியாகிவிட்டது, அங்குல டேப்பை ஏமாற்றும் வழி தெரியவில்லை.

"செப்டம்பர்ல முப்பத்தெட்டு. இப்போ முப்பத்தொண்ணு" என்றாள் ஜமீலா. "இன்னா டீச்சர் இது? ஹார்ட்டு நின்னு போறவங்களுக்கு ஏழு இஞ்ச்சு குறையுமா?"

"தவக்காலம் பூரா ஒருசந்தி இருந்தாங்க."

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் ஐவிக்கே அருவருப்பாக இருந்தது. ஜமீலா டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"நான் வருசா வருசம் முப்பது நோம்பு பிடிக்கிறேன் டீச்சர். எனக்கு ஒரு இஞ்ச்சுகூடக் குறைஞ்சதில்ல."

கூடத்தில் செபமாலையின் மூன்றாம் பத்து மணி ஓடிக்கொண்டிருந்தது. ஜமீலா ரவிக்கையைக் கழற்றித் திருப்பி, ஓரத்தையல்களைப் பிளேடால் பிரிக்க ஆரம்பித்தாள். அவள் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஐவி சும்மா இருந்தால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். ரவிக்கை அளவாகிவிடும், கண்ணாடிக்குள் எல்லாம் சரியாக இருக்கும், ஞானதாஸ் சொல்வதை ஊர் நம்பும். மாலை ஆறு மணி வரும், போகும். அடுத்த சித்திரைக்கு ஜமீலாவின் உடம்பை யார் கழுவுவார்கள்?

ஐவி அமலியின் நெற்றியில் கையை வைத்தாள். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வைத்தாள்.

"ஜமீலா, அவங்களுக்குக் குணமாகல."

பிளேடு நின்றது.

ஐவி சொன்னாள். ஒன்றைச் சொன்னதும் மற்றது தானாக வந்தது. இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தது, அதில்தான் இரத்தம் நின்றது, நவம்பரில் திரும்பியது, இன்று காலை குளியலறையில் போன இரத்தத்தை மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். 

"சாட்சியில கரண்ட்டுன்னு ஒண்ணுமே சொல்லலியே."

"எழுதிக் கொடுத்தது நான்தான். மூணு நிமிஷத்துக்குள்ள அடங்கல. அந்த இடத்தை நான்தான் அடிச்சேன்."

ஜமீலா பிளேடைக் கீழே வைத்தாள். ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். இரண்டு தடவை தவறியது.

"நீங்க அடிச்சது எனக்குத் தெரியாதே டீச்சர்" என்றாள். "எனக்குக் கத்தின்னா பயம். அந்த வீடியோவைப் பிடிச்சிக்கினு இருந்தேன். நைட்டு புள்ளை தூங்கினதும் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். எத்தினி தபான்னு கணக்கே இல்ல."

கதவு திறந்திருந்தது. அதை ஐவி அப்போதுதான் பார்த்தாள். ஞானதாஸ் கையில் செபமாலையோடு நின்றுகொண்டிருந்தார், அக்காவின் விரல்களில் சுற்றுவதற்காக வந்தவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் நேரம் கொஞ்சமாக இருக்காது என்று தோன்றியது.  அவர் அவளைத் தாண்டிப் போய், அக்காவின் கைகளைச் சேர்த்து வைத்து, மாலையைச் சுற்றினார். மணிக்கட்டில் அது நிற்காமல் நழுவியது. இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதுவும் தொளதொளவென்றே இருந்தது. அந்த மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

வெளியே போனார். அதற்குப் பிறகு கூடத்தில் அவர் குரல் கேட்கவில்லை. வந்தவர்கள் கேட்டதற்குச் சின்ன மாமியார்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜமீலா ரவிக்கையை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தானே போட்டுவிட்டாள். அளவு கச்சிதம். புடவை மடிப்பை நீவிவிட்டாள். பிறகு நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐவியின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். ஐவி ஜன்னலுக்கு ஓடினாள். கீழே உமர் ஃபாரூக் எழுந்து ஏதோ கேட்டார். ஜமீலா அவரையும் பார்க்காமல் சந்துப் பக்கம் நடந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். அது வீட்டுக்குப் போகும் வழி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்லை.

மதியத்திலிருந்து ஐவிக்குச் செய்ய வேலை இருந்தது, மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து மகன் ஆஸ்வின் வந்து சேர்ந்தான், அத்தையைப் பார்த்துத் தேம்பினான். அவனுக்குக் காபி கலந்து கொடுத்தாள், சர்க்கரை போட்டாளா என்று நினைவில்லை. மணியை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு. இரண்டே முக்கால். ஜமீலாவின் எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஞானதாஸிடம் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. அவர் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் முகம் தெரியாத நோயாளி முகம் சுளித்தாலும் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற மனிதர். ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளைப் பார்க்கத் தவறியிருந்தார். அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று ஐவிக்குத் தெரிந்தது. தான் அவரை விட மோசம், பார்த்தும் பேசாதவள் என்பதும் தெரிந்தது.

மூன்றரைக்கு அடக்கப் பூசை. கோவிலில் உயிர்ப்பு விழாவின் பெரிய மெழுகுதிரி இன்னும் பீடத்தருகே நின்றிருந்தது. ஐவி முன் வரிசையில் உட்காருமுன் திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், கதவோரம், முக்காடு. ஜமீலா வந்திருந்தாள். வெளியே வெயிலில் வண்டியும் துணிப்பையும் உமர் ஃபாரூக்கும். மணி மூன்று நாற்பது. இங்கே வந்து உட்கார்ந்தவள் கல்லறைக்கும் வருவாள், கல்லறை முடியும்போது ஆறு தாண்டிவிடும். ஐவி எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசித்தாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

பூசையில் சாமியார் என்ன பேசினார் என்று ஐவிக்குத் தெரியாது. கடைசியில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல ஞானதாஸை அழைத்தார்கள். செபக்குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேப்பர் இல்லாமல் நாற்பது நிமிடம் பேசுகிற மனிதர், அக்காவுக்கு எப்படிப் பேசப் போகிறார் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஞானதாஸ் மைக்கைச் சரிசெய்துகொள்ளக்கூட இல்லை. குரல் பாதி உள்ளேயே போயிற்று.

"என் அக்காவுக்குக் கர்ப்பப்பையில புற்றுநோய். போன வருஷம் இருபத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க. அதுலதான் சில மாசம் நல்லா இருந்தாங்க. நம்ம மைதானத்துல சாட்சி சொன்னப்போ அந்தக் கரண்டைப் பத்திச் சொல்லல. பக்கத்துல நின்ன நானும் சொல்லல. அப்புறம் நோய் திரும்ப வந்துச்சு. என் பேருக்குக் களங்கம் வரக் கூடாதுன்னு என்கிட்டயே மறைச்சாங்க. இன்னைக்குக் காலையில அதுலதான் செத்தாங்க. காலையிலேருந்து உங்ககிட்ட நான் சொன்னது தப்பு."

 சாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். ஞானதாஸ் முதல் தடவையாக நிமிர்ந்து, கூட்டத்தின் கடைசிக்குப் பார்வையை ஓட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவங்க யாராவது இங்க இருந்தா, கல்லறைக்கு வராதீங்க. என் அக்காவுக்கு மரியாதை செய்யணும்னா இப்பவே எழுந்து போங்க."

சாட்சியை எழுதிய கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐவி அதைக் கவனித்தாள். அடுத்த கணமே பாடகர் குழு அவசரமாக ஒரு பாட்டை எடுத்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஐவி திரும்பிக் கழுத்தை நீட்டினாள். ஐம்பது தலைகள் மறைத்தன. பெட்டியைத் தூக்கி வெளியே வந்தபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. வெயிலில் வண்டியும் இல்லை. போனார்கள் என்பது சரி, எங்கே போனார்கள்?

கல்லறையில் எல்லாரும் மண் போட்டார்கள். செபக்குழுவில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் ஞானதாஸின் கையைப் பிடித்தார்கள், சிலர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குழுவில் மூத்தவரான ஒரு பெரியவர் ஐவியின் அருகே வந்து, இதைக் கோவிலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம், விசுவாசிகள் இடறிப் போவார்கள் என்றார். ஐவி தலையாட்டினாள். அவள் மனம் ஆறு மணியில் இருந்தது. மணி ஐந்து ஐம்பது.

வாசலில் கை கழுவும்போது ஞானதாஸ் பக்கத்தில் வந்து நின்றார். மாலையைச் சுற்றிவிட்டுப் போனதற்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஜமீலாவுக்கு எந்த வார்டுன்னு தெரியுமா?"

"போனாங்களான்னே தெரியாதுங்க."

அவர் குழாயை மூடினார். மூடியும் சொட்டிக்கொண்டிருந்தது, மறுபடி இறுக்கி மூடினார். "போய்ப் பார்ப்போம்" என்றார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு யார் காபி கொடுப்பது என்று சின்ன மாமியார் கேட்டதற்கு, ஆஸ்வின் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு இருவரும் ஆட்டோ ஏறினார்கள். செத்த வீட்டு மருமகள் சாம்பிராணி வாசனையோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று நாளைக்குப் பேச்சு வரும். வரட்டும்.  அண்ணா சாலை நெரிசலில் ஆட்டோ நின்றபோது ஞானதாஸ், "நவம்பரிலேருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஐவி கையை நீட்டி, தொடாமல், மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஏழே கால் ஆகிவிட்டது. பெண்கள் வார்டின் வாசலில் காவலாளி ஆண்களை மறித்தார். அங்கே பெஞ்சில், துணிப்பை இல்லாமல், உமர் ஃபாரூக் உட்கார்ந்திருந்தார். 

"ஆறுக்கு அஞ்சு நிமிசம் இருக்கச்சொல்லோ பேரு எழுதினாங்க சார்" என்றார் எழுந்து நின்று. "யார்கிட்டயும் பேசல. என்கிட்டயும் பேசல. நைட்டுக்கு ஒரு லேடீஸ் கூட இருக்கணும்றாங்க. பொண்ணு ஜோயாவுக்குப் பன்னெண்டு வயசு, உள்ள விட மாட்டாங்களாம். தங்கச்சி ஆம்பூர்லேருந்து காலையிலதான் வருவா. இன்னா பண்றதுன்னே தெரியல."

ஞானதாஸ் அவர் தோளில் கையை வைத்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிட்டீங்களா பாய் என்று கேட்டார். ஐவி உள்ளே போனாள்.

நீளமான வார்டு. இருபக்கமும் கட்டில்கள். பதினேழாவது கட்டிலில் ஜமீலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியில். ஐவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கூப்பிடலாமா என்று தெரியவில்லை. கூப்பிடும் உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. நர்ஸ் ஒருத்தி நோட்டோடு வந்தாள்.

"இந்த பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?"

"நான்" என்றாள் ஐவி.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

ஐவி கட்டிலைப் பார்த்தாள்.  நர்ஸ் பேனாவை நோட்டில் தட்டிக்கொண்டே காத்திருந்தாள்.

"எங்க டீச்சர்னு எழுதிக்கோங்க" என்றது சுவர்ப் பக்கமிருந்து குரல்.

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஜமீலா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கிக்கொண்டாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு முழம் இடம் காலியானது. ஐவி அதில் உட்கார்ந்தாள்.